அம்மையாரின் நல்ல பிள்ளைகளும் நம் ஒயர் நாற்காலியும்

பாப்பா,

போன கார்த்திகை மாதம், இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, நம் கூடத்தில் இருக்கும் பச்சை ஒயர் நாற்காலியைப் பழுது பார்ப்பதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானத்தை உன் அப்பாவுக்கு முறைப்படி தெரிவித்தேன். அவர் அப்போது மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. அந்த நாற்காலியை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு கால் குட்டை. உட்காரும் இடத்தில் ஒயர் அறுந்து, உட்கார்ந்தவர் தொடையை நண்டுபோலக் கவ்வும். நம் வீட்டுப் பூனைகூட அதில் ஏறுவதில்லை. நீ கட்டிக்கொள்ள விரும்பும் வெள்ளிமலை மாட்டு டாக்டர் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவரை அதில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது தீர்மானத்தின் இரண்டாம் பகுதி. அதை உன் அப்பாவுக்குத் தெரிவிக்கவில்லை.

அந்தப் பையன் வந்தார், உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார். "சேர் சௌகரியமா இருக்குதா தம்பி?" என்று கேட்டேன். "பரவால்லிங்கம்மா" என்று சிரித்தார். அடுத்த முறையும் அதே நாற்காலி, அதே சிரிப்பு. எழுந்து போகும்போது கால் மரத்துப்போய் லேசாக நொண்டினார். வாசல்படி தாண்டும்வரை அதையும் மறைத்துக்கொண்டார். அன்றுதான் என் சந்தேகம் உறுதியாயிற்று.

போன வாரம் போனில் நீ, "சம்மதமா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லும்மா, வாயால சொல்லலன்னா எழுத்துல குடு" என்றாய். நான் ஒரு வார்த்தையில் எதையும் எழுதியவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவளிடம் எழுத்தில் கேட்டது உன் தவறு. கடைசிவரை படி.

நல்லவர்களைக் கண்டால் நான் இப்படிச் சந்தேகப்படுவதற்கு அந்த அம்மையார்தான் காரணம். அவரைப் பற்றி உனக்குத் தேவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறை சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடாது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கென்றே கதைகள் எழுதினார். அட்டையில் தங்க எழுத்து, உள்ளே ஓர் ஏழைக் குழந்தை. அந்தக் குழந்தை பொய் சொல்லாது. பசித்தாலும் திருடாது. முள் பெஞ்சில் உட்கார வைத்தாலும் முனகாது. குடிகாரத் தகப்பனுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கும். கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதில் அதற்குச் சளி பிடிக்கும். அவ்வளவுதான், தகப்பன் திருந்திவிடுவான், குழந்தை இருக்காது. இப்படியே ஒரு அலமாரி நிறைய எழுதினார். அம்மையாரோ பல் விழுந்து, காது மந்தமாகி, எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். அவருடைய பக்தியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தக் கதை வீடுகளில் ராத்திரி ஜன்னலைச் சாத்துவது யார் பொறுப்பு என்பதில்தான் சந்தேகம்.

எம்.ஃபில். சேர்ந்தபோது என் வழிகாட்டிப் பேராசிரியர், "இந்தம்மாவ யாரும் தொடல. நீ இன்னா எழுதினாலும் மறுத்துப் பேச ஆள் கெடயாது" என்று அவரை எனக்கு ஒதுக்கினார். ஆராய்ச்சி என்பது இப்படித்தான் தொடங்குகிறது. தலைப்பு நீளமானது, விட்டுவிடு. சாரம் ஒரே வரி: அம்மையாரின் உலகத்தில் நல்ல பிள்ளை பிழைக்காது. அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். வடக்கனந்தலில் என் மாமா மாலை வாங்கிவந்து போட்டார். எதற்கு மாலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டம் வாங்கிய கொள்கையைப் பிள்ளை வளர்ப்பில் பயன்படுத்தாமல் இருப்பது கஷ்டம். உனக்கு ஆறு வயதிருக்கும். கையில் கொடுத்த கடலை மிட்டாயை முழுசாக எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். உன் அப்பா உன்னைத் தூக்கிக் கொஞ்சினார். நான் உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தேன். "கொழந்த மிட்டாய் குடுத்துதுன்னா காய்ச்சலாடி? இன்னா படிச்சி இன்னா!" என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நீ அதே பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுவிட்டு, முழங்கையில் சிராய்ப்போடு வந்தாய். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்தாம் வகுப்பில் உன் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தை நீயே பிரித்துப் படித்துவிட்டு, "போஸ்ட்மேன் இப்டித்தாம்மா குடுத்தாரு" என்றாய். உறையின் ஓரம் எலி கடித்ததுபோல இருந்தது. எதைப் பிரிப்பதானாலும் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அதால் குத்திக் கிழிப்பது உன் வழக்கம். பால் பாக்கெட்டும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். உன்னை ஒருமணி நேரம் திட்டினேன். பிறகு உள்ளே போய்ச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, பொய் சொன்ன பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டாய். இல்லை, அது நன்றி.

இப்படி வளர்த்த பெண்ணுக்குத்தான் இப்படி ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. குடியில்லை, புகையில்லை, குரல் உயர்த்துவதில்லை. நம் மாடு கன்று போட்ட அன்று மலையிலிருந்து மழையில் நனைந்து இறங்கி வந்து, வேலை முடிந்ததும் சேற்றைத் தானே கழுவிவிட்டுப் போனார். உன் அப்பாவுக்கு மனசு பாதி இளகிவிட்டது. இருந்தாலும், "மலைக்காரங்க வூடு, நம்ம பொண்ணுக்கு ஒத்துவருமா" என்று முணுமுணுத்தார். உன் பெரியப்பா மலையைச் சுற்றி வராமல் நேராகச் சாதி என்றார். நான் இரண்டையும் சொல்லவில்லை. பையன் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார், இப்படிப்பட்டவர்களை நான் படித்திருக்கிறேன், இது நல்லபடியாக முடியாது என்றேன்.

அதற்கு நீ மார்கழியில் போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "அப்பா மலைன்றாரு, பெரியப்பா சாதின்றாரு, நீ இலக்கியம்ன்ற. மூணும் ஒண்ணுதாம்மா. அவங்களாவது நேரா சொல்றாங்க!" இதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எழுதுகிறேன். கிடைக்காவிட்டால் நீ சொன்னதே சரி என்று வைத்துக்கொள்.

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலைக்காற்று மூட்டுவலிக்கு நல்லது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, குடையை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கோமுகி அணை தாண்டி, கரும்பு லாரிக்கு வழிவிட்டு, வளைவு வளைவாக ஏறும்போது கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா, மலைல யாரு வூட்டுக்கு?"

"யாரு வூட்டுக்கும் இல்ல. ஒரு எடம் விசாரிக்கணும்."

"பொண்ணா, பையனா?"

"பையன்."

"அப்ப டீக்கடைல கேளு. வூட்டுல கேட்டா காப்பிதான் குடுப்பாங்க."

பையனை விசாரிப்பது நம் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ சென்னைக்காரி ஆகிவிட்டாய். முதல் நாலு பேர் நல்ல பையன் என்பார்கள். அவர்களை நாம் கேட்பது மரியாதைக்கு. ஐந்தாவது ஆள் சுற்றுமுற்றும் பார்த்து, பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "நல்ல பையந்தாங்க... ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்காகத்தான் பஸ் ஏறுகிறோம். நம் கச்சிராயபாளையத்தில் 'ஆனா' இல்லாத ஆம்பளை ஒருவரையும் நான் கண்டதில்லை, உன் அப்பா உட்பட.

வெள்ளிமலை டீக்கடைக்காரம்மா, டாக்டர் பேரைச் சொன்னதும் பாலைக் கொதிக்க விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். "தங்கமான புள்ளம்மா. ஆட்டுக்கு ஒண்ணுன்னாலும் நடந்தே வந்துருவாரு."

"கொறன்னு ஒண்ணும் இல்லியா?"

"இன்னாம்மா கொற கேக்கற? பொண்ணு குடுக்கப் போறியா, மாடு புடிக்கப் போறியா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டம்ளரிலிருந்து தலையை எடுத்தார். "மாடுன்னா பல்லு பாக்கலாம். டாக்டரு வாயில கைய வுட்டா அவரு இன்னா நெனப்பாரு?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஐந்தாவது ஆளும் சொல்லவில்லை, ஆறாவது ஆளும் சொல்லவில்லை. ஊரே கூடிப் பேசி வைத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடைக்காரம்மாவே கடைசியில் சலித்துப்போய், "தோ, அவங்கம்மா சாமை காய வெச்சினு இருக்குது. எதுனா கொற இருந்தா அதாண்ட போயி கேளு" என்று கை காட்டினார்.

பையனின் அம்மா என்னைப் பார்த்த உடனே, "பொண்ணுக்கு அம்மாவா? வாங்க" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெயிலும் இல்ல, மழையும் இல்ல, கொடையப் புடிச்சிக்கினு மல ஏறி வர்றது வேற யாரு?" கட்டிலை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது. கண்டக்டர் சொன்னது சரி.

நான் விசாரிக்க வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உங்க பொண்ணப் பத்தி ஒரு கொற சொல்லுங்க."

"ஏங்க?"

"எம்மவன் ஒண்ணும் சொல்ல மாட்றான். அந்தப் பொண்ணுக்குக் கோவம் வருமாடான்னு நானும் கேட்டுக்கினே இருக்கறேன். குல்லாவ இழுத்து வுட்டுக்கினு 'வரவே வராது'ன்றான். கோவமே வராத பொண்ண வூட்டுல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எந்நேரமும் பயந்துக்கினே இல்ல இருக்கணும்?"

பாப்பா, எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கில்கூட என் ஆராய்ச்சியை இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை. "வரும்ங்க" என்றேன். "நல்லா வரும். தட்டு பறக்கும்."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

அந்த அம்மாவின் முகத்தில் அன்று வந்த தெளிச்சியை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்ப சரிங்க" என்று சாமையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார். என் பக்கம்தான் பாக்கி. "குல்லா எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லுவான், வராது. காது ரெண்டும் மொளகாப்பழம் ஆயிடும். அதுக்குத்தான் குல்லா."

ஆக, பொய் சொல்வார். 'ஆனா' கிடைத்துவிட்டது என்று நான் துள்ளிக் குதிக்கவில்லை. பெற்றவள் வாக்குமூலத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று இறங்கி வந்தேன்.

தை மாதம் அவர் கன்றுக்குட்டியைப் பார்க்க வந்தபோது அலமாரியைத் திறந்து அம்மையாரின் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். பூ விற்கும் ஒரு சிறுமியின் கதை. படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அதில் ஒரு சூட்சுமம் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, அப்படியே கட்டிவிடுவார்கள். ஓரத்தை வெட்டித்தான் படிக்க முடியும். சென்னையில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய அந்தப் பிரதியில் கடைசி மடிப்பு வெட்டாமலே இருந்தது. முடிவு தெரிந்த கதைக்குக் கத்தி எதற்கு என்று நானும் வெட்டவில்லை. என் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களும் கேட்கவில்லை. பையன் மடிப்பை வெட்டாமல் திருப்பிக் கொடுத்து, படித்தேன் என்று சொன்னால் பொய்யர், பெண்ணைக் கொடுக்கலாம். வெட்டிப் படித்திருந்தால், இந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படிக்கிற அளவுக்கு நல்லவர், கொடுக்கக் கூடாது. என் திட்டம் அவ்வளவு எளிமையானது.

மாசி மாதம் கொண்டுவந்து கொடுத்தார். அதே ஒயர் நாற்காலி. "படிச்சிட்டேங்கம்மா" என்றார். காதைப் பார்த்தேன். குல்லா இல்லை. கச்சிராயபாளையத்தில் மாசியில் குல்லா போட்டால் ஊர் சிரிக்கும். இரண்டு காதும் அடியிலிருந்து சிவந்து ஏறின. "நல்லா இருந்துதுங்கம்மா" என்றார். பழுத்துவிட்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலும் கொஞ்சம் கிண்டலாம் என்று, "முடிவு எப்படி?" என்றேன்.

"அந்தப் பொண்ணு பொழச்சிக்கினா இல்லிங்களா? அது வரைக்கும் நிம்மதிங்க."

இதைச் சொல்லும்போது காது பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

அவர் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. மின்விசிறிக்கு அடியில் நின்றபடியே படித்தேன். சளி முற்றி, ஊரே கூடி, ஜெபமெல்லாம் ஆன பிறகு, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள். குழந்தை தூங்கி எழுந்து கஞ்சி கேட்கிறது. வளர்ந்து ஒரு வண்டி செய்பவனைக் கட்டிக்கொண்டு, நாலு பிள்ளை பெற்று, அவன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் கரண்டியை எறிகிற பெண்ணாக ஆகிறாள். அம்மையாருக்கு அன்று என்ன ஆயிற்றோ தெரியாது. என் ஆய்வேட்டில் இந்தப் பெண்ணின் இறுதி ஊர்வலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல நடை. பரிசோதகர் பாராட்டினார்.

பிறகு மடிப்பின் ஓரத்தைப் பார்த்தேன். மாட்டு டாக்டர் ஒருவர் பிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கன்றுக்கான மருந்துப் பொட்டலத்தை அவர் சட்டைப்பைப் பிளேடால் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன், அடிக்கோல் வைத்ததுபோல நேர்க்கோடு. இந்தப் பக்கங்களின் ஓரமோ எலி கடித்ததுபோல இருக்கிறது. தை மாதக் கடைசியில் அவர் ஏதோ பயிற்சி என்று சென்னை வந்ததாக நீயே போனில் சொன்னாய். நீ படித்திருக்கிறாய், கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்து என் கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பித்திருக்கிறார். இருபத்தெட்டு வயதில் இன்னமும் ஹேர்பின்!

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: சம்மதம். ஒருவர் பொய் சொல்லி, இன்னொருவர் அதற்குத் துணை போயிருக்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அஸ்திவாரம் இதுதான். உன் அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை, சம்மதத்தை மட்டும் சொன்னேன். அவர், "நான் எப்ப வேணான்னேன்?" என்றார். பெரியப்பாவிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எப்படிப் போனாலும் நாள் குறிக்க வரச்சொல்லி மலைக்குத் தகவல் அனுப்பியாயிற்று.

இனி புத்தி சொல்லும் இடம், தவிர்க்க முடியாது. நீயும் அவரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்க முயற்சி செய்யாதீர்கள். முதல் வருடம் எல்லோரும் செய்கிற காரியம் அது. நானும் செய்தேன். உன் அப்பாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதை ஆறு மாதம் கழித்து வடக்கனந்தலில் அவர் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை வாரத்தில் நாலு நாள் கத்தரிக்காய், நாலு நாளும் "நல்லா இருக்குது." அவருக்குக் காது சிவப்பதில்லை, அந்த வசதி எனக்கு வாய்க்கவில்லை. உனக்கு வாய்த்திருக்கிறது. குல்லாவை ஒளித்து வை. வலித்தால் வலிக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல். நீயும் சொல். வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்பவர்கள் கடைசியில் என்ன ஆவார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு அலமாரி ஆதாரம் இருக்கிறது. அதில் ஒரு புத்தகத்தைத்தான் கழிக்க வேண்டும்.

இந்த இடத்தில் வாசலில் ஆள் சத்தம் கேட்டுக் கடிதத்தை நிறுத்தினேன். டாக்டரும் அவருடைய அம்மாவும் நாள் குறிக்க வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கட்டில் போட்டேன், அவருக்கு வழக்கமான இடம். உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அத்த, வேற சேர் இருந்தா போடுங்க. இது தொடயக் கிள்ளுது."

பச்சை ஒயர் நாற்காலி இப்போது மோட்டார் கொட்டகையில் இருக்கிறது.